ஜெபப் பெட்டியில் ஒரே ஒரு சீட்டு

“இன்னைக்கும் வரலியா அந்தம்மா?”

சான்றிதழ்ப் பிரிவுக் கண்காணிப்பாளர் கதவைப் பார்த்தபடியே கேட்டார்.

புதன்கிழமை மதியம் ஒரு மணி. பல்கலைக்கழகத்தின் பழைய கூட்ட அறையில் ஊழியர்களின் வாராந்திர ஜெபம். பதினோரு நாற்காலி, பத்து பேர். அந்தப் பதினோராவது நாற்காலி இரண்டு வருஷமாகக் காலி.

“நானே போய்க் கூப்பிட்டேன் சார்,” என்றார் கேஷியர். “‘நீங்க போங்கண்ணா, எனக்கு வேலை கிடக்கு’ன்னுட்டாங்க.”

“சாப்பாட்டு நேரத்துல அப்படி என்னய்யா வெட்டி முறிக்கிற வேலை?”

“ஞாயித்துக்கிழமை சர்ச்சுல முதல் வரிசையில உட்கார்றாங்க. ஆபீஸுக்குள்ள மட்டும் ஆண்டவர் ஆகாது போல,” என்றார் நூலகத்து அக்கா.

எல்லாரும் சிரித்தார்கள். கண்காணிப்பாளருக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தம்மா அவருடைய பிரிவிலேயே கவுன்ட்டரில் உட்காருகிறவர். கூட்டத்தை நடத்துகிறவரின் சொந்தப் பிரிவு ஆளே எட்டிப் பார்ப்பதில்லை என்றால் நாலு பேர் என்ன நினைப்பார்கள்? போன வாரம் தாங்க முடியாமல், ‘எங்களில் ஒருத்தி வழி தப்பிவிட்டாள் ஆண்டவரே’ என்று உருகி உருகி ஜெபித்தார். பேரைச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

இடைவேளை என்னவோ ஒன்றரை வரைக்கும்தான். ஆனால் மணி பார்த்தா ஜெபம் பண்ண முடியும்? சில புதன்கிழமை இரண்டே கால்கூட ஆகிவிடும்.

பாட்டு முடிந்தது. வேதம் வாசித்து அவர் பேசியதும் முடிந்தது. கேஷியர் ஜெபப் பெட்டியைக் கொண்டுவந்து திறந்தார். வராந்தாவில் தொங்குகிற மரப்பெட்டி. யார் வேண்டுமானாலும் எழுதிப் போடலாம். இன்று ஒரே ஒரு சீட்டு.

கண்காணிப்பாளர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார்.

‘என் மகளுக்கு வேலை கிடைத்திருக்கிறது. சான்றிதழில் ஓர் அதிகாரியின் கையெழுத்து வேண்டும். அவரை இருக்கையில் பார்க்கவே முடியவில்லை. நாளையோடு கெடு முடிகிறது. தயவுசெய்து ஜெபியுங்கள். இப்படிக்கு, ஓர் அப்பா.’

“அடப்பாவமே!” என்றார் நூலகத்து அக்கா.

“பரீட்சைப் பிரிவுல எவனாவதா இருக்கும் சார்,” என்றார் கேஷியர். “காபி குடிக்கப் போனா ஒரு யுகம் கழிச்சுத்தான் திரும்புவானுங்க.”

“எவனா இருந்தா என்ன? சம்பளம் வாங்குறான்ல? சீட்டுல உட்கார வேண்டாம்?” கண்காணிப்பாளருக்கு நிஜமாகவே மனசு பொறுக்கவில்லை. அவருக்கும் ஒரு மகள் இருக்கிறாள். “முழங்கால் போடுவோம்.”

பத்து பேரும் முழங்காலிட்டார்கள்.

“ஆண்டவரே! அந்த மனுஷன் எந்த மூலையில உட்கார்ந்து நேரத்தைக் கழிச்சாலும், காதைப் பிடிச்சு இழுத்துட்டு வந்து அவன் சீட்டுல உட்கார வையும்! அவன் வெட்கப்படட்டும் ஆண்டவரே!”

“ஆமென்!” என்றார்கள் எல்லாரும். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கதவு லேசாகத் திறந்தது. கவுன்ட்டர் அம்மா நின்றிருந்தார்.

கண்காணிப்பாளரின் முகம் மலர்ந்தது. “வாங்கம்மா, வாங்க! இப்பவாவது மனசு வந்துச்சே. கேஷியர், அந்த நாற்காலியை இழுத்துப் போடுங்க.”

“இல்லைங்க சார். நான் உட்கார வரலை.” அந்தம்மா குரலைத் தாழ்த்தினார். “மணி ஒன்னே முக்கால். கவுன்ட்டர்ல ஒருத்தர் நிக்கிறார். சான்றிதழ் அசலை வாங்கிப் பார்த்து நீங்கதான் கையெழுத்துப் போடணும். அவருக்கு வாரத்துல புதன்கிழமை மட்டும்தான் லீவு. அவங்க ஊர் பஸ் ஒரு மணிக்கு இறக்கிவிட்டுட்டு ரெண்டு மணிக்குக் கிளம்பிடும். மூணு புதன்கிழமையா வந்து வந்து திரும்புறார் சார்.”

கண்காணிப்பாளர் கையிலிருந்த சீட்டை இன்னொரு தரம் பார்த்தார்.

“முதல்லயே வந்து சொல்றதுக்கு என்னம்மா?” கேட்கும்போதே அவர் குரல் உள்ளே போயிருந்தது.

“மூணு வாரமும் இந்தக் கதவு வரைக்கும் வந்தேன் சார். கண்ணை மூடி ஜெபிச்சுக்கிட்டிருந்தீங்க, நடுவுல கூப்பிடப் பயமா இருந்துச்சு. போன வாரம்...” அந்தம்மா தயங்கினார். “போன வாரம் என்னைப் பத்தித்தான் ஜெபிச்சுக்கிட்டிருந்தீங்க. அதான் உள்ளே வரலை.”

கண்காணிப்பாளர் எழுந்து நடந்தார். முழங்கால் வலித்தது. யார் முகத்தையும் ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை.

பிரிவில் மூன்று கவுன்ட்டர்களின் முன்னாலும் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். கேஷியரின் கவுன்ட்டரில்கூட அந்தம்மாவின் பேனாதான் கிடந்தது. ஒன்றரைக்கு மேல் இரண்டு வருஷமாக இத்தனைக்கும் அவர் ஒருவர்தான் போலிருக்கிறது. கம்ப்யூட்டர் பக்கத்தில் அவருடைய சாப்பாட்டு டப்பா திறக்காமல் இருந்தது. பக்கத்துச் சீட்டில் இருந்துகொண்டு இதைக்கூடப் பார்க்காமல் போனோமே என்று கண்காணிப்பாளருக்குக் கூசியது.

வியர்த்த முகத்தோடு ஒருவர் உறையிலிருந்து அசலை எடுத்து நீட்டினார். பார்த்து, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி முடிக்க மூன்று நிமிஷம்கூட ஆகவில்லை.

“ரொம்ப நன்றிங்க சார்!” அந்த மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது. “முக்கியமான மீட்டிங்ல இருக்கீங்கன்னு இந்தம்மா ஒவ்வொரு தடவையும் சொல்லுவாங்க. நீங்க என்ன சார் பண்ணுவீங்க, உங்க வேலை அப்படி.”

கண்காணிப்பாளர் முத்திரையைத் திரும்பத் திரும்ப அதன் டப்பாவுக்குள் வைத்துக்கொண்டிருந்தார். அந்தம்மா அடுத்த பிள்ளையின் விண்ணப்பத்தை வாங்கக் குனிந்துகொண்டார்.

பஸ்ஸுக்கு ஓடப்போனவர் இரண்டடி வைத்து நின்று, திரும்பிக் கைகூப்பினார்.

“ஒரே ஒரு உதவி சார். வராந்தாவுல ஜெபப் பெட்டி இருக்குல்ல, அதுல எழுதிப் போட்டிருந்தேன். எனக்காக ஜெபம் பண்ணின அந்தப் புண்ணியவான்களைப் பார்த்தீங்கன்னா, பலிச்சிடுச்சுன்னு சொல்லிடுங்க சார்!”