பேசாத சென்சர்

"செருப்பைக் கழட்டிப்போட்டு வாரும். உம்மட சாமான் ஒண்டும் நிலத்தில வைக்கக்கூடாது."

அதுதான் எனக்குக் கிடைத்த வரவேற்பு.

ஜெயமலர் டீச்சர் யாழ்ப்பாணத்துக்காரர். பதுளையில் முப்பது வருடம் விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வு பெற்றவர். தனி ஆள். வாஷிங் மெசின் பழுது என்று என்னைக் கூப்பிட்டது அவரில்லை, கனடாவில் இருக்கும் மகன். அந்தக் கோபமெல்லாம் என் தலையில்தான் இறங்கியது.

பின்வாசல் குழாயடியில் ரெங்கம்மா அக்கா உடுப்புத் துவைத்துக்கொண்டிருந்தார். தெமோதரைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவர். மெசின் சரியானதும் அவரை நிறுத்திவிடப் போவதாக மகன் போனிலேயே என்னிடம் சொல்லியிருந்தார்.

டீச்சரின் வாய் என்னை விட்டால் அக்காவிடம் போகும். அக்காவை விட்டால் என்னிடம் திரும்பி வரும்.

"நான் பேசாட்டில் இவள் ஒரு காலரையும் ஒழுங்காத் தோய்க்கமாட்டாள்."

யாழ்ப்பாணத்தார் வாயில் பேசுவது என்றால் ஏசுவது. தோட்டத்து ஆட்களான எங்களுக்குப் பேசுவது என்றால் வெறும் பேசுவதுதான். அந்த வீட்டில் யாழ்ப்பாணப் பேச்சு மட்டும்தான் காதில் விழுந்தது.

மெசினைப் போட்டுப் பார்த்தேன். டிரம் வெறி பிடித்ததுபோல் ஒருமுறை சுற்றிவிட்டு நின்றது. மோட்டரில் பழுதென்று விளக்கு மின்னியது.

மோட்டர் நல்ல மோட்டர். எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறோம் என்று மெசினை இயக்கும் போர்டுக்குச் சொல்ல அதில் ஒரு சின்னச் சென்சர் உண்டு. அது வாயைத் திறக்காவிட்டால் போர்டு பயந்துபோய் எல்லாவற்றையும் நிறுத்திவிடும்.

பின்மூடியைக் கழற்றப் போனேன். ஸ்க்ரூத் தலைகளில் புதுக் கீறல். யாரோ எனக்கு முன்பே கழற்றியிருக்கிறார்கள்.

சென்சர் வயர்களை மீட்டரில் பிடித்து, மோட்டரைக் கையால் சுற்றினேன். மீட்டர் அசையவில்லை. வயரைத் தடவிக்கொண்டே போனேன். பாதியில் முடிந்துவிட்டது.

"எலி," என்றார் டீச்சர், நான் வாயைத் திறக்கும் முன்பே.

"எலி கடிச்சா பிஞ்சு பிஞ்சு இருக்கும் டீச்சர். இது கத்திரிக்கோல் வெட்டுங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மெசின் ஓடினால் யாருக்கு வேலை போகும்? ஒருத்தர் இப்படிச் செய்தால் கெட்ட பெயர் தோட்டத்து ஆட்கள் எல்லோருக்கும்தானே? வயரைப் பிடித்தபடியே பின்வாசலைப் பார்த்துக் கத்தினேன்.

"என்னக்கா வேல பாத்து வச்சிருக்கீங்க?"

ரெங்கம்மா அக்கா ஈரக் கையோடு எழுந்து வந்தார். வயரைப் பார்த்தார். அவருக்கு வந்த ஆத்திரம் என்னுடையதைவிடப் பெரிது.

"நாக்க அடக்கிப் பேசுங்க பாஸ்! மெசின் வந்த அன்னிக்கே என்னைய வர வேணாம்னு சொல்லிட்டாங்க. மூணு கிழம இந்தப் படி ஏறல. இது பழுதாப் போன பொறகுதான் டீச்சரே போன் பண்ணிக் கூப்புட்டாங்க. ஆள் இல்லாத நேரத்துல நான் பறந்து வந்தா வெட்டுனேன்?"

மூன்று வாரம் இந்த வீட்டில் இருந்தது ஒரே ஓர் ஆள். விஞ்ஞானம் படிப்பித்தவர். எந்த வயரை வெட்டினால் மெசின் எரியாமல் நிற்கும் என்று தெரிந்தவர்.

காலையிலிருந்து முதல் தடவையாக டீச்சரின் சத்தம் இல்லை.

வெட்டியது யாரென்று ரெங்கம்மா அக்காவுக்கும் விளங்கியிருக்க வேண்டும். குழாயடிக்குத் திரும்பிப் போனார்.

வயரை ஒட்ட ஐந்து நிமிடம் போதும். ஒட்டினால் நாளைக்கு அக்கா பஸ் ஏறத் தேவையில்லை.

"மகன் கேட்டா என்னங்க சொல்றது?" என்றேன்.

டீச்சர் என் முகத்தைப் பார்க்கவில்லை. வெட்டுப்பட்ட வயரைப் பார்த்தபடி சொன்னார்.

"சாமான் கிடைக்கேல்லை எண்டு சொல்லும்... மூண்டு கிழமை பேச ஒருத்தருமில்லாமல் இருந்தனான்."

'பேச' என்றதை எந்தத் தமிழில் சொன்னார் என்று நான் கேட்கவில்லை. வயரை அப்படியே விட்டு மூடியைப் பூட்டினேன்.

எழுந்தபோது என் பையிலிருந்து ஒரு ஸ்க்ரூ நழுவி நிலத்தில் உருண்டது. டீச்சருக்கு உயிர் திரும்பி வந்தது. வாசல் கேட் வரைக்கும் என்னையும் பேசிக்கொண்டே வந்தார்.