ஐந்து நாள் படப்பிடிப்பு

"அந்த வீடியோவப் போடுங்க, பாப்போம்."

இதை மட்டும் கேட்டுவிடாதே என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தார் லியான் தரப்பு வக்கீல் நைஜல். நாமாகக் கேட்டால் பயந்துவிட்டோம் என்று அர்த்தமாம்.

லியான் கேட்டுவிட்டாள். நைஜலின் பிஸ்கட் டீக்குள் விழுந்தது.

இங்கிலாந்தின் கிரிம்ஸ்பி ஊர் மீன் தொழிற்சாலையில், கழுவிவிட்ட தரையில் வழுக்கி அவள் அம்மா டோரீனின் முதுகெலும்பு நொறுங்கிப் பதினான்கு மாதம். அதற்கான நஷ்ட ஈட்டைத்தான் வக்கீல் ஆபீசில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள்.

அம்மா அடுத்த அறையில் கம்பளத்தின் மேல் மல்லாந்து படுத்திருந்தாள். நாற்காலியில் இருபது நிமிடத்துக்கு மேல் தாங்காது.

தொழிற்சாலையின் இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் ஹார்கிரீவ் அதை நம்பவில்லை. அவர் வைத்த துப்பறிவாளர் தெருமுனையில் காருக்குள் உட்கார்ந்து, சாஸேஜ் ரோல் தின்றபடி ஐந்து நாள் படம் பிடித்திருந்தார்.

கேட்டதில் கால்வாசியை வாங்கிக்கொண்டு இன்றே கையெழுத்துப் போட்டுவிடுங்கள் என்றார் ஹார்கிரீவ். கோர்ட்டில் பொய் வழக்கு என்று ஆகிவிட்டால் ஒரு பென்னி கிடையாது. எங்கள் செலவையும் நீங்கள்தான் வீட்டை விற்றுக் கட்ட வேண்டும்.

இழவு வீட்டில் சவப்பெட்டி விற்கிறவனின் குரல்.

படித்த பெண், புரியும் என்று மூன்று முறை சொல்லிவிட்டார். அந்தக் குடும்பத்தில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் அவள். நன்றாகவே புரிந்தது.

வீடியோ ஓடியது.

மழை. மஞ்சள் மழைக்கோட்டு. தலையை மூடிய தொப்பி. வலது தோளில், கிழிசல் மேல் ஒட்டிய கறுப்பு டேப். முகமே இல்லை, ஐந்து நாளும் வெறும் முதுகு.

அந்த முதுகு குப்பைத் தொட்டியை வாசலுக்கு இழுத்தது. உருளைக்கிழங்கு மூட்டையைத் தூக்கித் தோளில் போட்டது. சிப்ஸைக் கொத்த வந்த கடற்காகத்தை எட்டி ஒரு உதை விட்டது.

நைஜலின் முகம் ஊறிப்போன பிஸ்கட்டாகிவிட்டது.

"முதுகு போன அம்மாவுக்கு உதை நல்லாத்தான் வருது, கண்ணு," என்றார் ஹார்கிரீவ்.

இது அம்மாதான் என்று நிச்சயமாகச் சொல்வீர்களா என்று லியான் கேட்டாள். வீடு டோரீனுடையது, கோட்டு டோரீனுடையது, வேறு யார் என்றார் அவர். படம் பிடித்தவரை நீதிபதி முன்னால் சத்தியம் செய்தே சொல்ல வைப்பாராம்.

"அப்ப அங்கயே வந்து சொல்லுங்க."

கையெழுத்துக்காக நீட்டியிருந்த தாளின் மேல் நைஜலின் டீக் கோப்பையை எடுத்து வைத்துவிட்டு வெளியே வந்தாள். கதவைச் சாத்தினாள்.

நடையில், கொக்கியில், காலையில் அவள் போட்டு வந்த மஞ்சள் கோட்டு இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. பதினான்கு மாதமாக அவள்தான் அதைப் போடுகிறாள்.

வலது தோளில் டேப்பின் ஒரு முனை உரிந்திருந்தது. கட்டைவிரலால் அழுத்தி ஒட்டிவிட்டு, அம்மாவைக் கைத்தாங்கலாக எழுப்பி வீட்டுக்குக் கூட்டிப்போகப் போனாள்.