பேச விடாதவர்

"இந்த மாசம் ரெண்டு புத்தகம் படிச்சோமுங்க" என்று ஆரம்பித்தார் தமிழ்வேந்தன். பக்கத்தில் அவர் மனைவி மெர்சி, வழக்கம்போல் பேசாமல் உட்கார்ந்திருந்தார்.

"ஆனைமலை யானைங்களப் பத்தின கட்டுரைப் புத்தகம் அருமைங்க. யானையைச் சாமியாவும் காட்டலை, எதிரியாவும் காட்டலை. பக்கத்து ஊட்டுக்காரரைப் பத்திச் சொல்ற மாதிரி சொல்லியிருக்காங்க."

வாசகர் வட்டம் ஆர்வமாகக் கேட்டது.

"நாவல் அதைவிட ஒசத்தி. வால்பாறை எஸ்டேட்ல கொழுந்து பறிச்ச பொம்பளை, வேலைக்காலம் முடிஞ்சு, எஸ்டேட்ல குடுத்த லயன் ஊட்டைக் காலி பண்றா. அழுவலை. ஊட்டைக் கூட்டிச் சுத்தம் பண்ணிப்போட்டுக் கிளம்பறா. அங்கயே கதையை நிறுத்திப்போட்டாங்க. அப்படி நிறுத்தறதுக்கு ஒரு தைரியம் வேணுமுங்க."

எல்லாரும் கை தட்டினார்கள். வட்டத்தை நடத்தும் நந்திதாவுக்கு மட்டும் எரிச்சல். கணவனும் மனைவியுமாகக் கோவைக்குக் குடிவந்து இந்த வட்டத்தில் சேர்ந்த நாளிலிருந்து இவர்தான் பேசுகிறார். மெர்சியிடம் யார் என்ன கேட்டாலும் பதில் இவரிடமிருந்துதான் வரும்.

"ஏனுங்ணா, மெர்சி அக்காவை ஒரு தடவையாச்சும் பேச விடக்கூடாதுங்களா?"

அவர் தயங்கினார். "நானே சொல்லிடறேனுங்க..."

"அவங்க கருத்தை அவங்கதான் சொல்லோணும். நாவல்ல வர்ற பொம்பளையைப் பாராட்டறீங்க. ஊட்டுப் பொம்பளைக்கு வாய்ப்பூட்டுங்களா?"

தமிழ்வேந்தன் மனைவியைப் பார்த்தார். மெர்சி சற்று யோசித்துவிட்டு, சொல்லுங்கள் என்பதுபோல் தலையசைத்தார்.

"இவளுக்குத் தொண்டையில ஆபரேஷனுங்க. குரல் போயிருச்சு. தெரிஞ்சா எல்லாரும் பாவம்னு என்னையவே பார்ப்பாங்க, புத்தகத்தைக் கவனிக்க மாட்டாங்க, அதனால சொல்லாதீங்கன்னுட்டா. அவ உதட்டசைவு எனக்குப் புரியும். ஊட்டுல அவ சொல்றதைக் கேட்டுட்டு வந்து இங்க சொல்றேன். இதுவரைக்கும் நான் பேசுனது அத்தனையும் அவ கருத்துங்க."

நந்திதா எழுந்து வந்து மெர்சியின் கையைப் பிடித்துக்கொண்டாள். மெர்சி சிரித்தபடி அவள் தோளில் தட்டிக்கொடுத்தார்.

பிறகு நந்திதா தமிழ்வேந்தன் பக்கம் திரும்பிக் கேட்டாள்.

"அப்ப அந்த நாவலைப் பத்தி உங்க கருத்து என்னங்ணா?"

"எனக்கு அது சுத்தமாப் புடிக்கலீங்க அம்மணி" என்றார் தமிழ்வேந்தன் மெதுவாக. "ஆனா, அவ பேசறப்ப நடுவுல நான் பேசக்கூடாதில்லீங்க."