சண்டைக்கு வரும் பாஸ்டர்

நடிகர் லெவின், படப்பிடிப்பின் மதிய இடைவேளையில், பிரியாணி வருவதற்குள் மொபைலிலேயே பாஸ்டராகக் குருப்பட்டம் வாங்கியவர். பாளையங்கோட்டையில் எங்கள் கல்யாணத்தை நடத்திவைத்தது அவருடைய ஹாலோகிராம் ஒளியுருவம்தான். "மரணம் நம்மைப் பிரிக்கும்வரை" என்று சொல்லும்போது எப்சிபா என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். அவரைப் பார்த்தாள்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஆனால் அந்த ஆள் கல்யாணத்தோடு போய்த் தொலையவில்லை. வீட்டில் குரல் உயர்ந்தாலோ அழுகை கேட்டாலோ, சமாதானம் செய்துவைக்க அதே ஒளியுருவமாக நடுக்கூடத்தில் வந்து நிற்பார். வெள்ளை அங்கி, அளவாக ஒதுக்கிய தாடி, அந்தப் பாழாய்ப்போன சிரிப்பு.

கொஞ்ச நாளில் ஒன்றைக் கவனித்தேன். எப்சிபா தலை சீவிப் பூ வைத்துக்கொண்டால், சற்று நேரத்தில் சண்டை வரும்.

இனி சண்டைக்கு வாயே திறப்பதில்லை என்று முடிவுசெய்தேன்.

நேற்று அவள் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு மீன்குழம்பு ஊற்றினாள். உப்பு கரித்தது. "பிரமாதம்" என்று சொல்லி இன்னும் கொஞ்சம் சோறு வாங்கிக்கொண்டேன்.

"எங்கம்மாவப் பத்தி என்ன நினைக்கீங்க?"

"தங்கமானவங்க."

என்னை முறைத்துவிட்டுக் கூடத்துக்குப் போனாள். ஜெயித்துவிட்டேன் என்று கை கழுவ எழுந்தேன்.

கூடத்தில் விம்மல் கேட்டது. உடனே வெளிச்சம் பரவியது.

"பாஸ்டர், இவுக இப்பல்லாம் என்கூட சண்டைகூட போட மாட்டேங்காக."

"அழாதம்மா," என்றார் லெவின். "இனிமே நான் தினமும் வரேன்."