குகைக் கதவு

“இவன் மனுசனா, ஆமையா? கொஞ்சம் ஓடுனாத்தான் என்னலா?”

தனேஸ்வரன் மௌசைப் போட்டுத் தட்டினார். கணினித் திரையில் விளக்கேந்திய ஒருவன் குகைக்குள் ஆடி அசைந்து நடந்து, வழக்கம்போல அந்தக் கல்கதவின் முன்னால் போய் நின்றான். வேலை ஓய்வுக்குப் பிறகு பொழுது போகட்டும் என்று மனைவி கலாதேவி போட்டுக்கொடுத்த கேம். ஒரு வாரமாக அந்தக் கதவோடுதான் மல்லுக்கட்டு. சாவி போட்டாயிற்று, கயிறு கட்டி இழுத்தாயிற்று. அசையவில்லை.

“எவன் செஞ்சான் இத? கையில கெடைச்சா நாலு கேள்வி கேப்பேன்!”

“கேளுங்க,” என்றாள் கலாதேவி, வெங்காயம் உரித்தபடி.

“இந்தக் கதவும் ஒன் மக லோஷினி மாதிரிதான். சரியான அழுத்தம்!”

பேங்க் வேலையை உதறிவிட்டுக் கோலாலம்பூர் போன மகளோடு, போன தீபாவளியிலிருந்து அவருக்குப் பேச்சில்லை.

கலாதேவிக்குப் பொறுமை போய்விட்டது. “சப்பாத்தக் கழட்டிட்டுப் போகச் சொல்லுங்க!”

“குகைக்குள்ள போக எவன்லா சப்பாத்தக் கழட்டுவான்?” முணுமுணுத்துக்கொண்டே அவன் காலைத் தட்டினார். அவன் குனிந்து சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்தான். கதவு திறந்தது.

“ஒனக்கு எப்படித் தெரியும்?”

“சின்ன வயசுல அவ கல்லுமலைக் கோயில் குகைக்குள்ள சப்பாத்தோட ஓடுனதுக்கு, ஊரே திரும்பிப் பாக்கச் சத்தம் போட்டீங்களே, அத அவ மறக்கல. இது லோஷினி செஞ்ச கேம்.”

தனேஸ்வரன் மௌசைத் தட்டினார். திரையில் இருந்தவன் வெறுங்காலோடு மெல்ல நடந்து அடுத்த கதவில் போய் நின்றான். அதுவும் பூட்டியிருந்தது.

“போன் போடு அவளுக்கு! அப்பன அலைய விடறதே பொழப்பாப் போச்சு!”