பொது நடையில் ஒரு விளக்கு

ஆத்தப்பனுக்குத் தம்பி கதிர்வேலின் நிழல்கூட ஆகாது. பனியன் கம்பெனியைப் பாகம் பிரித்தபோது, இருவருக்கும் பொதுவாக மிஞ்சியது நடுவிலிருந்த நீண்ட இருட்டு நடை மட்டும்தான். ஒரு முனையில் அண்ணன் கதவு, மறுமுனையில் தம்பி கதவு.

அந்த நடைக்குப் பன்னிரண்டு வோல்ட் எல்இடி பட்டை ஒட்ட எலெக்ட்ரீசியன் வேல்குமார் வந்தான்.

“ரெண்டு முனையிலயும் சுவிட்ச் வெச்சர்றனுங்க. யாரு வேணா போடலாம், யாரு வேணா நிறுத்தலாம்.”

“அதெல்லாம் ஆகாது!” என்று சீறினார் ஆத்தப்பன். “நான் போடாம அது எரியக் கூடாது. அந்த நாய் இருட்டுல முட்டிச் சாகட்டும்.”

வேல்குமார் தலையைச் சொறிந்தான். “அப்படியே பண்ணீர்லாமுங்க.”

மறுநாள் பொழுது சாயும் நேரம், பெரிய ஆர்டரோடு ஆத்தப்பனைத் தேடி, பனியன் வாங்கும் வெளிநாட்டு பையர் வந்தார். ஆத்தப்பன் சுவிட்சைப் போட்டார். எரியவில்லை. பாதி நடையில் பையர் துணி மூட்டை இடறித் தடுமாறினார்.

ஆத்தப்பன் போனில் கத்தினார். “என்ன வேலைடா பாத்திருக்க? சுவிட்சப் போட்டா எரியவே மாட்டீங்குது!”

“உங்க தம்பியும் நீங்க சொன்னதையேதானுங்க சொன்னாரு, அவரு போடாம எரியக் கூடாதுன்னு. அதான், ரெண்டு பேரும் போட்டாத்தான் எரியறாப்புல மாட்டிட்டனுங்க.”

அதே நொடியில் விளக்கு பளிச்சென்று எரிந்தது. எதிர்முனையில் கதிர்வேல், கை சுவிட்சின் மேல். நடுவில் நின்ற பையர் நிம்மதியாகச் சிரித்தார்.

ஆறு வருஷத்தில் முதன்முறையாக அண்ணனும் தம்பியும் ஒருமனதாக ஒரு காரியம் செய்தார்கள்.

இருவரும் ஒரே நேரத்தில் சுவிட்சை அணைத்தார்கள்.