மார்ச் மாத வரவு

"அந்த ஒரு லட்சம் எப்படி வந்துச்சுன்னு அவளுக்குத் தெரியக்கூடாது சார். எப்படியாவது மறைச்சிடுங்க."

சவரிராயன் இதைத் தமிழரசனின் காதோரம் குனிந்து சொன்னார். அடுப்படியில் அவர் மனைவி ஆனந்தம்மாள் டீ போடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

தமிழரசனுக்கு எரிச்சலாக வந்தது. புதுச்சேரியில் பஸ் பிடித்து மரக்காணத்தில் இறங்கி, உச்சி வெயிலில் உப்புப் பாத்திகளைத் தாண்டி அவன் நடந்து வந்தது கம்ப்யூட்டரில் கணக்கு சாஃப்ட்வேரைச் சரிபண்ண. வந்த இடத்தில் இப்படி ஒரு வில்லங்கம். உமி விற்கப் போனால் காற்று, உப்பு விற்கப் போனால் மழை என்பது அவன் ராசி.

பெண்டாட்டிக்குத் தெரியாமல் பணம் ஒதுக்குகிற பெரிய மனிதர்களை அவன் நிறையப் பார்த்திருந்தான். இந்த வயசில் இவருக்கு இதெல்லாம் தேவையா என்று நினைத்துக்கொண்டான்.

போன் பண்ணி அவனை வரவழைத்தது ஆனந்தம்மாள்தான். வீட்டுக் கணக்கையும் உப்பளக் கணக்கையும் அந்த அம்மாதான் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறார். மாதக் கடைசியில் பாஸ்புக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வரிக்கு வரி டிக் அடித்துச் சரிபார்ப்பாராம்.

சில மாதங்களாகப் பாஸ்புக்கைக் காணவில்லை என்று வீட்டுக்காரர் கையை விரித்துவிட்டார். அம்மா நேற்று பேங்குக்கே போய் இருப்பைக் கேட்டிருக்கிறார். கம்ப்யூட்டர் காட்டுவதைவிட அங்கே ஒரு லட்சம் கூடுதலாகக் கிடந்தது.

"என் மேல தப்பு இருந்தா கண்டுபிடிச்சுக் குடுங்க தம்பி," என்று வந்ததுமே சொல்லியிருந்தார். "இல்லன்னா அது யார் காசோ. இன்னிக்கே போயி மேனேஜர்கிட்ட கேட்டுத் திருப்பிக் குடுத்துடுவேன். பையன் கத்துக்குடுத்த கணக்கு இது. அவன் வந்து பாக்கறப்போ நேரா இருக்கணும்."

தமிழரசன் எல்லாவற்றையும் பார்த்துவிட்டான். ஆரம்ப இருப்பு சரி. ஒரே தொகையை இரண்டு தடவை ஏற்றவில்லை, பாஸாகாத செக்கும் இல்லை. ஆனாலும் திரையின் அடியில் வித்தியாசம் ஒரு லட்சம் என்று சிவப்பு எழுத்து போகாமல் நின்றது.

"அம்மா மேல தப்பே இல்லீங்க. பேங்க்ல ஏதோ வரவு வந்திருக்கு, அத அவங்களுக்கு யாரும் சொல்லல," என்று குரலை உயர்த்தினான். "பாஸ்புக்க எடுங்கய்யா."

சவரிராயன் அடுப்படிப் பக்கம் பார்த்துவிட்டு, சட்டைக்குள்ளிருந்து பாஸ்புக்கை உருவினார். மார்ச் மாதத்தில் ஒரே வரியில் ஒரு லட்சம் வரவு இருந்தது.

"யார் குடுத்த பணம்? சொல்லலன்னா இப்பவே அம்மாவக் கூப்பிட்டுக் காட்டிடுவேன்."

"மெதுவா பேசுங்க சார். கவர்மென்ட்டு குடுத்தது." அவர் இன்னும் நெருங்கி நின்றார். "போன கிறிஸ்மஸுக்கு மறுநாள் மீன் வாங்கியாறேன்னு கரைக்குப் போனான் எங்க பையன் பிராங்க்ளின். சுனாமி அடிச்சிட்டுப் போயிடுச்சு. உடம்புகூட கிடைக்கல. செத்தவங்க வீட்டுக்கெல்லாம் ஊரறிய ஒரு லட்சம் குடுத்தாங்க; செத்துட்டான்னு நான்தான் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். அவ இன்னும், எங்கயோ ஆஸ்பத்திரியில இருக்கான், வந்துடுவான்னு உக்காந்திருக்கா. இது தெரிஞ்சா தாங்கமாட்டா சார்."

இவரைப் போய் என்னவெல்லாம் நினைத்துவிட்டோம் என்று தமிழரசனுக்கு வெட்கமாக இருந்தது.

அடுப்படியில் டம்ளர்கள் மோதின. "சீக்கிரம் சார்," என்று சொல்லிவிட்டு சவரிராயன் நடைக்குப் போய் வழியை மறித்தாற்போல் நின்றுகொண்டார்.

தமிழரசன் மார்ச் மாதத்தைத் திறந்தான். மாதம் முழுக்கச் செலவுதான். பாத்தியில் சேறு அள்ளிய கூலி, மறுபடியும் சேறு அள்ளிய கூலி, உடைந்த வரப்பு போட்ட கூலி. நடுவில் புது வரி ஒன்றைச் சேர்த்து லட்சத்தை ஏற்றினான். எந்தத் தலைப்பில் வந்த வரவு என்று சாஃப்ட்வேர் கேட்டது.

யோசிக்க நேரமில்லை. பட்டியலில் முதலில் இருந்த ‘உப்பு விற்பனை’யைத் தட்டி டிக் அடித்தான். சிவப்பு மறைந்தது. வித்தியாசம் பூஜ்யம்.

"கொஞ்சம் நவுருங்க," என்று வீட்டுக்காரரைத் தள்ளிக்கொண்டு ஆனந்தம்மாள் டீயோடு வந்தார். "சரியாயிடுச்சா தம்பி?"

"ஆயிடுச்சும்மா. ஒரு வரவ ஏத்தாம விட்டிருக்கீங்க. மார்ச் மாசம் உப்பு வித்த பணம்."

"மார்ச்லயா?"

டம்ளரை மேசையில் வைத்துவிட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையைப் படித்தார். அவர் விரல் அந்த வரியில் வந்து நின்றது.

"பாத்தியெல்லாம் சேறா கெடந்துச்சே. இந்த வருசம் மே மாசத்துலதானே உப்பே கண்ணால பார்த்தோம்? மார்ச்ல என்னத்த வித்தோம்?"

சவரிராயன் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றார். அவர் தோள் குலுங்கியது.

ஆனந்தம்மாள் அந்த முதுகையே வெகுநேரம் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து மவுஸைப் பிடித்தார். ‘உப்பு விற்பனை’ என்ற தலைப்பை மட்டும் அழித்தார். லட்சத்தில் கை வைக்கவில்லை.

"ஏங்க, மாதா கோயிலுக்குப் போயி, நம்ம பையன் ஆத்துமாவுக்கு ஒரு பூசை சொல்லிட்டு வாங்க."